மூன்று வருசம் மண்ணுக்குள் போன மாங்காய்

எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்த வருசம் அது. எந்த வருசம் என்று நீ நம்பர் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டு எங்கள் சித்தப்பா சோளத்தட்டுப் போருக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தாரே, அந்த வருசம் என்றால் வெண்ணந்தூர்ப் பக்கம் வயசானவர்களுக்குத் தெரியும். விழுந்தவர் எழுந்து வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு, மோட்டாருக்குப் பூசை போடாமல் ஓட்டியதுதான் குற்றம் என்று சொல்லிவிட்டார். கரண்டுமேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் சந்தேகம் எப்போதும் ஆட்கள்மேல்தான் வரும்.

அதற்கு அடுத்த மழைக்குத்தான் கொச்சிக்காரர் எங்கள் பக்கத்து நிலத்தில் மாங்கன்று வைத்தார்.

அந்த நிலம் முன்னே பெரியப்பாவுடையது. மேட்டுக்காடு. கடலை போட்டால் கொடி வரும், கடலை வராது. கொச்சிக்காரர் வருசா வருசம் கோடையில் சேலத்துக்கு மாம்பழம் பிடிக்க வரும் வியாபாரி. எப்படியோ பெரியப்பாவைப் பிடித்து அந்தக் காட்டை வாங்கிக்கொண்டார். கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. பத்திரம் முடித்து வந்த அன்றைக்கே பெரியப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"கல்லுக்காட்டுக்கு ஒருத்தன் பேரம் பேசாம காசு குடுக்கறான்னா, அதுக்குள்ளார நமக்குத் தெரியாதது என்னமோ இருக்குது" என்றார்.

அன்று தொடங்கியது. பெரியப்பா காலையில் பல் விளக்குவதே வேலியோரம் நின்றுதான்.

கொச்சிக்காரர் அந்தக் காட்டிலேயே ஒரு சின்ன ஓட்டு வீடு கட்டிக் குடிவந்தார். ஒல்லியாக, சிவப்பாக இருப்பார். நரைத்த தாடி. தலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குல்லா. குல்லாவைப் பார்த்து அவரைப் பாய் என்று நினைத்தோம். சந்தைக்கு வந்த துணிக்கடைப் பாய் அவரிடம் பேசிப் பார்த்துவிட்டு, நம்ம ஆளு இல்லைங்க என்று சொல்லிவிட்டார். ராசிபுரத்துக் கம்பவுண்டர் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். அவரும் வந்து விசாரித்தார். "எங்க புத்தகத்துல முன்பாதி இவருகிட்டயும் இருக்குதுங்க. பின்பாதி இல்லீங்க" என்றார். முன்பாதிப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான் என்று பெரியப்பா ரொம்ப நாள் யோசித்தார். யூதர் என்ற பேரே எங்களுக்கு அப்போது தெரியாது.

சனிக்கிழமை அவர் அடுப்பு மூட்டமாட்டார். பஸ் ஏறமாட்டார். மண்வெட்டியைத் தொடமாட்டார். சனீசுவரனுக்கு இவ்வளவு பயப்படுகிற ஆள் எள் விளக்கு ஏன் போடுவதில்லை என்று அம்மா கேட்டாள்.

தைப்பூசத்தன்று நாங்கள் காவடிக்குப் போய்விட்டு வந்தால், அவர் வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்து, தட்டில் பேரீச்சம்பழம், மாதுளை, உலர்ந்த அத்தி என்று பரப்பி வைத்து, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து முணுமுணுத்துத் தின்றுகொண்டிருந்தார். அப்பா கேட்டதற்கு, இன்றைக்கு மரங்களுக்கு வருசப் பிறப்பு, இனி கன்றுக்கு ஒரு வயசு கூடும் என்றார்.

"மனுசனுக்கே எங்கூட்ல வயசு எழுதி வெக்கறதில்லீங்க" என்றார் அப்பா.

அப்பா சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. ஆனால் லேசில் நம்பவும் மாட்டார். இரண்டு காட்டுக்கும் நடுவே பொழி வரப்பின்மேல் நின்ற புளியமரம் நிழல் கட்டுகிறது என்று வெட்டப் பார்த்தபோது கொச்சிக்காரர் ஓடி வந்து தடுத்தார். காய்க்கிற மரத்தை வெட்டினால் ஒரு சத்தம் எழுந்து உலகத்தின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்குப் போகுமாம். மனிதன் காதில் அது விழாதாம். அவர்களுடைய பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்களாம். அப்பா அரிவாளைத் தோளில் வைத்துக்கொண்டு, "காதுல உழுகாத சத்தம் அவுங்களுக்கு மட்டும் எப்படிங்க தெரிஞ்சுது?" என்றார். கொச்சிக்காரர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். மரம் தப்பியது. ஆனால் அந்தப் புளியமரத்து வேருக்கடியில் என்ன இருக்கிறது என்று பெரியப்பா கேட்க ஆரம்பித்துவிட்டார். நான் வேறு எங்கோ போகிறேன். மாங்காய்க்கு வருகிறேன்.

கன்றுகள் இடுப்பு உயரம் இல்லை. ஒட்டுக் கட்டிய கன்று என்பதால் முதல் கோடையிலேயே பூவெடுத்தது. கொச்சிக்காரர் காலையும் மாலையும் நடந்து பூவைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார். அவர் கண்ணுக்குத் தப்பியது காயாயிற்று. கோழிமுட்டை அளவு வந்ததும் அந்தக் காய்களைப் பறித்து, மரத்தடியில் குழி வெட்டி, உள்ளே போட்டு மூடி மிதித்தார். தின்னவில்லை, விற்கவில்லை, மாட்டுக்கும் போடவில்லை. மாங்காய் வியாபாரி மாங்காயை மண்ணுக்குள் போடுவதை எங்கள் ஊர் அதற்கு முன்னே பார்த்ததில்லை.

அந்த நேரத்தில்தான் அக்கா முழுகாமல் இருந்தாள்.

அக்கா வாக்கப்பட்டது ஆட்டையாம்பட்டிப் பக்கம். முதல் பிள்ளை வயிற்றிலேயே கலைந்து போயிற்று. இரண்டாவது தங்கியதும் அம்மா அவளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். இந்தத் தடவையும் போனால் மாமியார் வீட்டில் வேறு பெண் பார்ப்பார்கள் என்று ஒரு பேச்சு காதுக்கு வந்திருந்தது. அதனால் அக்கா இருமினால் அம்மா எழுந்து உட்காருவாள். அக்கா தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள்.

ஒரு நாள் அக்கா வேலியோரம் நின்று கொச்சிக்காரரின் கன்றில் தொங்கிய காயைப் பார்த்து, "அம்மா, அந்தக் காய் ஒண்ணு கெடைச்சா உப்புத் தொட்டுத் தின்னலாம்" என்று சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான். மசக்கைக்காரியின் கண் ஒரு காயின்மேல் விழுந்துவிட்டால், அந்தக் காயையே கொடுத்தாக வேண்டும். வேறு மரத்துக் காய் ஆகாது. கொடுக்காதவனுக்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது. எங்கள் பக்கத்தில் எதிரியாக இருந்தாலும் இதற்கு இல்லை என்று சொல்லமாட்டான். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஏனுங்க, ஒரே ஒரு காய் குடுங்க. புள்ள முழுகாம இருக்கறா. ஆசப்பட்டுட்டா."

கொச்சிக்காரர் முகம் செத்துப்போயிற்று. கையிலிருந்த தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்தார்.

"வேறெ எது வேணுமெங்கிலும் கேளுங்கோ, அம்மே. இது தர முடியாது."

"காசு தாரேனுங்க."

"விற்கவும் கூடாது."

"தின்னவும் கூடாது, விக்கவும் கூடாது, மண்ணுக்குள்ள போட மட்டும் கூடுமுங்களாக்கும்?"

"இது சிறு பிள்ளை அம்மே. மூணு வருஷம் இதினிடத்தில் யாரும் ஒண்ணும் வாங்கக்கூடாது. எங்கட வேதத்தில் எழுதியிருக்கு."

"எம் பொண்ணு வயித்துல இருக்கறதும் புள்ளதானுங்க" என்றாள் அம்மா.

அவர் அம்மா முகத்தைப் பார்க்காமல் குடத்தை எடுத்துக் கன்றுக்கு ஊற்றினார். பாத்தி நிரம்பி வழிந்தும் நிறுத்தாமல் ஊற்றியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. செய்வினை வைக்கிறவன்தான் முகம் பார்த்துப் பேசமாட்டான் என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். நானும் நம்பினேன்.

மறுநாள் அவர் முதல் பஸ்ஸுக்குச் சேலம் போனார். மத்தியானம் ஒரு கூடை நிறையப் புளிப்பு மாங்காயைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் கட்டுத்தறியோரம் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் கூட்டம் கூடிவிட்டது. பெரியப்பா கூடையைத் தொடாமல் சுற்றி வந்தார்.

"ஒண்ணு கேட்டதுக்கு இல்லைன்னவன் ஒரு கூடை கொண்டாந்து வெக்கறான். அப்ப அவங்கிட்ட இல்லாம இல்ல. அந்த மரத்துக் காய் ஊட்டுக்குள்ள வரக்கூடாதுங்கறதுதான் அவன் கணக்கு. ஏன் வரக்கூடாது?"

"இந்தக் காய் வந்துருச்சே" என்றார் அப்பா.

"இது வரோணும்னு அவனே கொண்டாந்து வெச்சது. அதான் இன்னும் மோசம்."

கூடையைக் குப்பைக்குழியில் கொட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். நான் தூக்கிக்கொண்டு போகும்போது அக்கா போரடி மறைவில் நின்றிருந்தாள்.

"ஏண்டா, அதுல ரெண்டு எடுத்துத் தாடா."

"பெரியப்பா வையும்."

"உங்க பெரியப்பனாடா மசக்கையா இருக்கறான்? குடுறா."

"அந்த மரத்துக் காய் இல்லியே, இது சந்தக் காய்."

"எனக்குப் புளிப்பு வேணுண்டா. எந்த மரத்துதுன்னு என்ற நாக்குக்கு என்ன தெரியும்?"

மடியில் உப்பு முடிந்து வைத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். நான் அவள் மயங்கி விழுவாளா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். விழவில்லை. ஏப்பம் விட்டாள். யாரிடமும் சொல்லாதே என்றாள்.

அடுத்த சனிக்கிழமை பெரியப்பாவும் சித்தப்பாவும் மண்வெட்டியோடு வேலி தாண்டினார்கள். சனிக்கிழமை அவர் காட்டு வேலைக்கு வரமாட்டார் என்பதால் அந்த நாள். குழியைத் தோண்டினார்கள். தகடு இருக்கும், பொம்மை இருக்கும், முட்டை இருக்கும், அக்காவின் தலைமுடி இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். சித்தப்பா மடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். உள்ளே அழுகிய மாங்காய் இருந்தது. இன்னும் தோண்டினார்கள். மண் இருந்தது.

கொச்சிக்காரர் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தார். துவைத்த வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். தோண்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சத்தம் போடுவார், ஊரைக் கூட்டுவார் என்று நினைத்தோம். உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து நீட்டினார். பெரியப்பா வாங்கவில்லை.

"உங்க வேதத்துல எங்கூரு மாங்காயப் பத்தி எழுதியிருக்குதுங்களா?" என்றார்.

"மாங்காய் எழுதியிட்டில்ல. காய்க்கிற மரம் எல்லாம்."

"எழுதுனவரு இந்தக் காட்டப் பாத்திருக்காருங்களா?"

கொச்சிக்காரர் மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தாடியைத் தடவினார். "மனுஷனே காட்டில் நிற்கும் ஒரு மரம் என்று எழுதியிருக்கு. அப்போ எங்கே நின்னாலும் மரம் மரம் தானே, மனுஷன் மனுஷன் தானே" என்றார்.

பெரியப்பாவுக்கு இது பதிலாகப் படவில்லை. தகடு கிடைத்திருந்தால்கூட அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். கையில் சிக்கியதை ஆற்றில் விட்டுவிடலாம், மந்திரிக்கலாம். ஒன்றுமே கிடைக்காததற்கு என்ன செய்வது? அக்காவுக்குத் தாயத்துக் கட்டியது, வாசலில் பூசணிக்காய் சுற்றியது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஐப்பசி மழையில் அக்காவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. கருகருவென்று முடி. அழுத சத்தம் பொழி வரைக்கும் கேட்டிருக்கும். தாயத்தின் மகிமை என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

பிள்ளையைக் கொச்சிக்காரர் கண்ணில் காட்டக்கூடாது என்பது வீட்டுக் கட்டளை. கன்னத்திலும் உள்ளங்காலிலும் மைப்பொட்டு வைத்து, வேலிப்பக்கத்துக் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள். முடியெடுத்துக் குலதெய்வத்துக்குக் கொடுக்கும் வரைக்கும் பிள்ளை நம்முடையது இல்லை, சாமியுடையது; வெளிக்கண் படக்கூடாது என்று அம்மா சொல்வாள். அக்கா மாமியார் வீட்டிலிருந்து வரும்போதெல்லாம் இதே காவல். வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் பிள்ளையை ஒளித்து வைத்தோம். அந்தப் பக்கம் அவர் பூவைக் கிள்ளிக் காயை ஒளித்து வைத்தார். இரண்டாம் கோடை போயிற்று, மூன்றாம் கோடையும் போயிற்று. பெரியப்பா பல் விளக்கியபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான்காவது கோடையில் அவர் பூவைக் கிள்ளவில்லை. காய் பெருத்தது. மஞ்சளாயிற்று. இது வேறு சந்தேகம். இவ்வளவு நாள் புதைத்தவன் இப்போது ஏன் விட்டு வைத்திருக்கிறான் என்று பெரியப்பா வீட்டுக்கும் வேலிக்கும் நடந்தார்.

அந்த வருசம்தான் பிள்ளைக்கு மூன்று வயசு நடந்தது, குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டோம். அக்கா வீட்டு மாமன் மச்சான் எல்லாம் வந்திருந்தார்கள். கிடாய் வெட்டிப் பந்தி போடும் நேரம், யாரும் கூப்பிடாத கொச்சிக்காரர் வேட்டியில் சுற்றிய மாம்பழங்களோடு வேப்பமரத்தடியில் வந்து நின்றார். கோயிலுக்குள் வரவில்லை, கும்பிடவும் இல்லை. அக்கா மடியில் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு பிள்ளை இருந்தது. அவர் கண்ணில் அது படுவது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"அன்று கேட்டது" என்று அக்காவிடம் பழத்தை நீட்டினார்.

பெரியப்பா நடுவில் வந்தார். "மொதல்ல நீங்க சாப்புடுங்க" என்றார்.

கொச்சிக்காரர் கோபப்படவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தார். பழங்களை முன்னால் வைத்து, இடுப்பிலிருந்து ஒரு காசை எடுத்துப் பக்கத்தில் வைத்து, எங்களுக்குப் புரியாத பாசையில் ஏதோ சொன்னார். காசை எழுந்து போய்க் கோயில் கிணற்றில் போட்டுவிட்டு வந்தார். பெரியப்பா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பேனாக்கத்தியால் பழத்தைக் கீறி, மறுபடியும் எதையோ சொல்லி, ஒரு துண்டை வாயில் வைத்தார்.

மென்றார். கண்ணில் தண்ணீர் வழிந்து தாடிக்குள் இறங்கியது.

"அழுவறான் பாரு. அதுல என்னமோ இருக்குது" என்றார் பெரியப்பா.

நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். "புளிக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல மோனே. இனிக்குது" என்றார்.

பெரியவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். அக்கா மட்டும் யாரையும் கேட்கவில்லை. அவர் கையிலிருந்த இரண்டாவது துண்டை வாங்கிப் பிள்ளை வாயில் வைத்துவிட்டாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை சப்பித் தின்றுவிட்டு, சாறு முழங்கை வரைக்கும் ஒழுக, இன்னொன்று வேண்டும் என்று கையை நீட்டியது.

அடுத்த மாம்பழக் காலத்துக்குள் கொச்சிக்காரர் காட்டை ராசிபுரத்து நெய் வியாபாரி ஒருவருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார். போன மறுநாளே பெரியப்பா புளியமரத்து வேரடியைத் தோண்டிப் பார்த்தார். அங்கேயும் மண்தான்.

நான் வளர்ந்து லாரிக்குப் போனேன். நாமக்கல் முட்டை ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போய் வருவது பல வருசம் என் பிழைப்பு. ஒரு தடவை லோடு இறக்க நேரமாகும் என்றார்கள். அவர் சனங்கள் இருந்த தெரு எது என்று விசாரித்துக்கொண்டு போனேன். பாதி வீடுகள் பூட்டியிருந்தன. பழைய சாமான் கடையில் அதே மாதிரிக் குல்லா போட்ட ஒரு பெரியவர் இருந்தார். கொச்சிக்காரர் பேரைச் சொன்னதும் தலையாட்டினார். யூதர்களுக்கென்று புதிதாக உண்டான தேசத்துக்கு ஊரோடு எல்லோரும் கப்பலேறின காலத்தில் அவர் மட்டும் ஏறவில்லையாம். சேலத்துப் பக்கம் கொஞ்சம் மரம் இருக்கிறது, அது முடியட்டும் என்றாராம். எது முடியட்டும் என்று இவர்களுக்கு அப்போது புரியவில்லையாம். பிறகுதான் போனாராம்.

நான் மாங்காய் புதைத்த கதையைச் சொன்னேன். பெரியவர் ஆச்சரியப்படவே இல்லை. முதல் மூன்று வருசம் கூடாது, நான்காம் வருசத்துப் பழம் தெய்வத்துக்கு. அந்தப் பழத்தின் புனிதத்தை ஒரு காசுக்கு மாற்றி, அந்தக் காசை யாருக்கும் ஆகாதபடி தண்ணீரில் விட்டுவிட்டுத்தான் மனிதன் தின்னலாம் என்றார். மரம் என்று எழுதியிருந்தாலும் அது குழந்தைக்கும் சேர்த்துத்தான் என்று அவர்களுடைய பெரியவர்கள் உரை சொல்லியிருக்கிறார்களாம். மூன்று வருசம் பேச்சு திருந்தாத குழந்தை. அதனிடம் எதையும் கேட்கக்கூடாது. நான்காவது வருசம் தகப்பன் அதைக் கடவுளுக்கு என்று கொடுக்கிறான்.

எனக்குச் சந்தேகம் விடவில்லை. எங்கள் குடும்பத்து ரத்தம். "அந்த மூணு வருசமும் மரம் வெச்சவரு மட்டும் சாப்புட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அவனுக்குத்தான் முதலில் கூடாது" என்றார்.

இப்போது நர்சரிக்காரர்களே, ஒட்டுக்கன்றில் முதல் மூன்று வருசம் பூவைக் கிள்ளிவிடுங்கள், மரம் தேறும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். ஊரெல்லாம் கிள்ளுகிறது. யாரும் யாரையும் தோண்டிப் பார்ப்பதில்லை. அந்த மேட்டுக்காடு மனைகளாகப் போய்விட்டது. தார் ரோட்டோரம் அவர் வைத்ததில் ஒரே ஒரு மாமரம் மட்டும் மிச்சம் நிற்கிறது.

அவர் எங்களுக்கு எதைக் கொடுக்கவில்லை என்பதைத்தான் வீட்டில் எல்லோரும் காவல் காத்தோம். விடிந்தது முதல் வேலியோரம் நின்றும், அவர் வாயிலும் அதில் ஒன்றுகூடப் போகவில்லை என்பதை ஒருத்தரும் பார்க்கவில்லை. மாம்பழ வியாபாரி, தன் தோட்டத்துப் பழத்தைத் தின்று ஏன் அழுகிறார் என்று அன்றைக்கு மொட்டைப் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியவில்லை. புளிக்கிறதா என்று கேட்டேன்.

அக்கா இப்போது உயிரோடு இல்லை. போரடி மறைவில் தின்ற இரண்டு மாங்காயைப் பற்றித் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் இருக்கிறேன். அந்த மொட்டைத்தலைப் பிள்ளைதான் உன் அப்பன். நான் போய்ச் சொன்னால், மாமனுக்குக் கதை கட்டுகிற வயசு வந்துவிட்டது என்று சிரிப்பான். நீ சொல்லு சாமி. அவனுக்கு ரோட்டோரத்து மரத்தைக் காட்டிச் சொல்லு. அதில் முதல் துண்டு தின்றவர் மூன்று வருசம் காத்திருந்து தின்றார், இரண்டாவது துண்டு அவன் தின்றான் என்று சொல்லு.